என்பிடெல் பாடத்துக்கு கிரெடிட் மாற்றம்: தன்னாட்சிக் கல்லூரியில் எங்கே உடைகிறது?

#1 பொன்னி

வணக்கம். வரும் ஜூலைப் பருவத்திலிருந்து பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டிலும் ஐந்தாம் செமஸ்டரின் ஒரு விருப்பப் பாடத்தை என்பிடெல் (ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் இணையப் பாடத் திட்டம்) வழியாக எடுத்து, அதன் கிரெடிட்டை (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு) பட்டத்தில் சேர்க்கலாமா என்று கல்விக்குழுவில் பேச்சு ஓடுகிறது. தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி. மாணவர்கள் 120 பேர், பாதிக்கு மேல் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். லேப்பில் 60 கணினிகள், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு. இன்டர்னல் தேர்வுகளுக்கு மூடுலும் (இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்தும் மென்பொருள்) போடச் சொல்கிறார்கள்.

மாணவர்களைச் சேர்ப்பது எளிது என்று தெரிகிறது. அதற்குப் பிறகு எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழை. விதி, தேதி, மதிப்பெண், சர்வர், எதுவானாலும் எழுதுங்கள்.

#2 தேர்வறை

மேடம், முதலில் விதி. ஸ்வயம் (மத்திய அரசின் இணையப் பாடத் தளம், என்பிடெல்லும் அதில் அடக்கம்) பாடங்களுக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை 2016-இல் வந்தபோது, இணையத்தில் எடுக்கும் பாடங்களுக்கு உச்சவரம்பு 20 விழுக்காடு. 2021 விதிமுறை அதை 40 ஆக்கியது. இதில் பலர் கண்ணில் படாத சொல் ‘ஒரு செமஸ்டரில்’ என்பது. முழுப் பட்டப்படிப்புக்கும் 40 என்று கணக்குப் போட்டு ஒரே செமஸ்டரில் குவிக்க முடியாது. ஐந்து தாள் உள்ள செமஸ்டரில் இரண்டுதான் உச்சம். முதல் வருடம் ஒன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்து கிரெடிட் எண்ணிக்கை. 4 வாரப் பாடம் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. உங்கள் விருப்பப் பாடம் 5 கிரெடிட் என்று பாடத்திட்டத்தில் இருந்தால் 12 வாரப் பாடம் அதற்கு ஈடாகாது. 12 வாரமும் 8 வாரமும் சேர்த்து 5 ஆக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு கட்டணம், இரண்டு தேர்வு, ஒன்றில் பெயில் ஆனால் மற்றதை என்ன செய்வது என்ற சிக்கல். அந்த வழி வேண்டாம். பாடத்திட்டக் குழுவிலேயே அந்த விருப்பப் பாடத்தை 3 கிரெடிட்டாக மாற்றி, மீதி 2-ஐ லேப்புக்கோ ப்ராஜெக்ட்டுக்கோ கொடுத்துவிடுங்கள்.

மாணவர்களே பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் இங்கேதான் முதல் அடி விழும். பைத்தான் என்று தேடினால் பல பாடங்கள் வரும். ஐ.ஐ.டி. ரோபர் நடத்தும் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ 12 வாரம். சென்னை கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் நடத்தும் பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் 8 வாரம். இரண்டும் நல்ல பாடங்கள். ஆனால் இரண்டாவதில் சேர்ந்தவருக்கு 2 கிரெடிட்தான் வரும், பட்டத்துக்கு 1 குறையும். அது தெரியவருவது பெரும்பாலும் ஆறாம் செமஸ்டரில். எனவே துறை ஒரு பட்டியல் போட்டு, அதற்குள் மட்டும் தேர்வு செய்யச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு பாடம், அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் போனால் யாரும் வழிகாட்ட முடியாது.

இன்னொன்று, ஸ்வயம் என்றாலே என்பிடெல் இல்லை. யு.ஜி.சி.யும், சி.இ.சி. என்ற கல்வித் தொடர்பு அமைப்பும் ஒருங்கிணைக்கும் பாடங்களுக்கு இறுதித் தேர்வை என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) நடத்துகிறது. அங்கே மதிப்பெண் பிரிப்பு இன்டர்னலுக்கு 30, தேர்வுக்கு 70, தேதிகளும் வேறு. முதல் ஆண்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

#3 கணக்கு டீச்சர்

தேதிகளைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் தோல்விகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. சேர்வது இலவசம். தேர்வுப் பதிவு சில வாரங்கள் கழித்துத் தனியாகத் திறக்கும், அதற்கு ஒரு பாடத்துக்கு ரூ.1000 கட்டணம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. முதல் வாரத்தில் சேர்ந்து, எல்லா அசைன்மென்டும் எழுதி முடித்து, தேர்வுப் பதிவை விட்டுவிட்ட மாணவருக்கு அந்தப் பருவத்தில் சான்றிதழ் கிடையாது. கடைசி நாள் தாண்டிய பிறகு கெஞ்சிப் பயன் இல்லை.

அதனால் தேர்வுப் பதிவு திறந்த அன்றே லேப்பில் உட்காரவைத்து 60 பேரையும் பதிவு செய்ய வைப்பது நல்லது. கட்டணத்தைக் கல்லூரி கொடுக்கப்போகிறதா, மாணவர் கட்டிவிட்டு தேர்ச்சி பெற்றபின் திரும்பக் கொடுப்பதா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும் முறையில் ஏழை மாணவர் பதிவே செய்யாமல் ஒதுங்கிவிடுகிறார். முன்பணமாகக் கொடுப்பதே நியாயம்.

பதிவு செய்யும்போது கல்லூரியின் பெயரைப் படிவத்தில் வரும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘மற்றவை’ என்று போட்டுக் கையால் தட்டச்சு செய்தால் உங்கள் லோக்கல் சாப்டர் (என்பிடெல்லில் பதிவான கல்லூரிக் கிளை) பட்டியலில் அந்த மாணவர் வரமாட்டார். ஸ்பாக் பொறுப்பாளர் (என்பிடெல்லுடன் கல்லூரியின் தொடர்பு ஆசிரியர்) திரையில் 52 பேர் தெரிகிறார்கள், வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள் என்ற குழப்பம் இதனால்தான்.

இரண்டு பாடம் எடுக்கும் மாணவருக்குத் தேர்வு நாளும் வேளையும் மோதுகிறதா என்று சேரும்போதே பார்க்கலாம். ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் தேர்வுத் தேதி போட்டிருக்கும். தேர்வு வார இறுதியில், காலை அல்லது பிற்பகல், மூன்று மணி நேரம், ஒதுக்கப்பட்ட மையத்துக்கு நேரில் போய் எழுதுவது. உங்கள் செமஸ்டர் தேர்வு நவம்பரில் என்றால், ஜூலைப் பருவத் தேர்வு அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் என்று பக்கத்தில் வந்து நிற்கும். தேர்வுப் பிரிவு அந்த வார இறுதிகளைக் காலியாக வைக்க வேண்டும்.

#4 பொன்னி

நன்றி மேடம். மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது? எங்களுக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. என்பிடெல்லிலும் 25, 75 என்றுதான் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?

#5 தேர்வறை

இளநிலைக்கு ஏறக்குறைய போதும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

12 வாரப் பாடத்தில் 12 அசைன்மென்டில் சிறந்த 8-இன் சராசரி 25-க்கு மாற்றப்படும். 8 வாரத்தில் 8-இல் சிறந்த 6, 4 வாரத்தில் 4-இல் சிறந்த 3. பூஜ்ய வாரத்து (பாடம் தொடங்கும் முன் வரும்) அசைன்மென்ட் கணக்கில் வராது. நேரடித் தேர்வு 75-க்கு. சான்றிதழ் வேண்டுமானால் அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். அசைன்மென்டில் 23, தேர்வில் 28. கூட்டினால் 51. மாணவரும் பெற்றோரும் பாஸ் என்று நினைப்பார்கள். தேர்வில் 30 வரவில்லை, எனவே சான்றிதழ் இல்லை, கிரெடிட் இல்லை. இதை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

இளநிலைத் தேர்ச்சி 40 என்பதால் உங்களுக்குப் பொருந்திவிடுகிறது. முதுநிலையில் தேர்ச்சி 50. என்பிடெல்லில் 44 எடுத்தவரிடம் சான்றிதழ் இருக்கும், ஆனால் உங்கள் விதிப்படி அவர் பெயில். பொறியியல் கல்லூரிகளிலும் இதே இடறல். சான்றிதழ் இருந்தால் தேர்ச்சி என்று எடுப்பதா, கல்லூரியின் குறைந்தபட்சம்தான் செல்லுமா என்பதைக் கல்விக்குழுத் தீர்மானத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் மதிப்பெண் பட்டியல் அச்சாகும் நாளில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறைக்கு வெளியே இருபது பேர் நிற்பார்கள்.

தீர்மானத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி, சான்றிதழ் கிடைக்காதவர் என்ன செய்வார் என்பது. அதே பாடம் அடுத்த பருவத்தில் மீண்டும் வரும் என்ற உறுதி இல்லை. எனவே ஒவ்வொரு என்பிடெல் பாடத்துக்கும் ஈடாகக் கல்லூரியின் சொந்தத் தாள் ஒன்றைப் பெயர், குறியீட்டு எண்ணோடு குறித்துவையுங்கள். சான்றிதழ் வராதவர் அந்தத் தாளை அரியராகச் சாதாரண செமஸ்டர் தேர்வில் எழுதுவார். வினாத்தாள் அமைப்பவர் கையில் பாடத்திட்டம் இருக்க வேண்டும் என்பதால் அதுவும் அங்கீகரிக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

ஐந்தாம் செமஸ்டரைத் தேர்ந்தெடுத்தது சரி. ஆறாம் செமஸ்டரில் வைத்தால் ஏப்ரல் தேர்வின் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் முதுநிலைச் சேர்க்கை தொடங்கிவிடும். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமல் மாணவர் அலைய நேரிடும்.

#6 கரிசல்மண்

எல்லாரும் முறையைப் பேசுகிறீர்கள், ஆளைப் பேச மறந்துவிட்டீர்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரப் பணிச்சுமை. ஒரு விருப்பப் பாடம் இணையத்துக்குப் போனால் ஒரு பிரிவுக்கு வாரம் நான்கு, ஐந்து மணி நேரம் துறையின் கணக்கிலிருந்து கழிகிறது. இரண்டு பிரிவு, மூன்று துறை என்று சேர்ந்தால் ஒரு கௌரவ விரிவுரையாளரின் இடம் போய்விடும். அந்த இடத்தில் இருப்பவர் நெட் தகுதித் தேர்வில் தேறி, முனைவர் பட்டம் முடித்துத் தொகுப்பூதியத்துக்கு வேலை செய்பவர். ஐ.ஐ.டி. பேராசிரியரின் வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அது புரிந்ததா என்று அது பார்க்காது.

எதிர்ப்பதற்காக எழுதவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தீர்மானம் போடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

#7 கணக்கு டீச்சர்

கரிசல்மண் சார் சொல்வது முழுக்க நியாயம். அந்த நேரத்தை அட்டவணையிலிருந்து எடுக்கவே கூடாது. எடுத்த கல்லூரிகளில் நடப்பது ஒன்றுதான். மாணவர் வீட்டில் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறார்கள், யாரும் பார்ப்பதில்லை, மூன்றாம் வாரத்தில் விடைகள் டெலிகிராம் குழுவில் வந்துவிடுகின்றன. அசைன்மென்டில் எல்லாருக்கும் 24, தேர்வில் 22. இந்த இடைவெளியைப் பார்த்தாலே வகுப்பு நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

12 வாரப் பாடத்தில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் வீடியோ, பெரும்பாலும் அரை மணி நேரத் துண்டுகள் ஐந்து. கால அட்டவணையில் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வழிகாட்டி ஆசிரியரின் பெயர் அதில் இருக்கட்டும், அது அவருடைய பணிச்சுமையில் சேரட்டும். முதல் மணி நேரத்தில் இரண்டு முக்கியத் துண்டுகளை வகுப்பில் சேர்ந்து பார்ப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது. மற்ற மூன்றை மாணவர் தாமே பார்க்க வேண்டும். இரண்டாம் மணி நேரம் முழுக்கக் கணக்குப் போடுவது, நிரல் எழுதுவது. மூன்றாவதில், கடைசி நாள் முடிந்த முந்தைய வார அசைன்மென்டை எடுத்து, எந்த விடை ஏன் தவறு என்று அலசுவது. கடைசி நாள் முடியாத அசைன்மென்டை வகுப்பில் போட்டுக்காட்டவே கூடாது.

கடைசி நாள் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. இதனால் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு. சரியான விடையைக் கடைசி நிமிடத்தில் குழுவில் வந்த தவறான விடையால் மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு முன் இரண்டு மாதிரித் தேர்வு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, லேப்பில் வையுங்கள். அசைன்மென்ட் வினாக்களை எண் மாற்றிப் போட்டாலே போதும். மூன்று மணி நேரம் திரை முன் உட்காரும் பழக்கம் இல்லாதவர் தேர்வு மையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்.

#8 கரிசல்மண்

வழிகாட்டி நேரம் பணிச்சுமையில் சேரும் என்று தீர்மானத்திலேயே எழுத்தாக இருந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. வாய்மொழியாகச் சொன்னது அடுத்த முதல்வர் வரும்வரைதான் நிற்கும்.

#9 பொன்னி

எழுத்தாகவே வைக்கிறோம் சார். அடுத்த கவலை மொழி. இயற்பியலில் பாதிப் பேர் தமிழ்வழி. வீடியோவும் தேர்வும் ஆங்கிலத்தில். இவர்களை எப்படிக் கரையேற்றுவது?

#10 நூலகத்தான்

மேடம், தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே நம்பவேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வசன வரிகளைத் தமிழாக்கும் கருவிகள் சாதாரண வாக்கியத்தில் தேறிவிடும். கலைச்சொல்லில் சறுக்கும். பவர் ‘அதிகாரம்’ ஆகும், வேண்டியது திறன். ஃபீல்ட் ‘வயல்’ ஆகும், வேண்டியது புலம். கரண்ட் ‘தற்போதைய’ ஆகும், மின்னோட்டம் காணாமல் போகும். வேதியியலில் சொல்யூஷன் ‘தீர்வு’ ஆகும், கரைசல் வராது. தமிழ்வழியில் படித்த மாணவருக்குத் திறன், புலம், மின்னோட்டம் எல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்த பொருளையே தெரியாததாக மாற்றிவிடுகிறது அந்த மொழிபெயர்ப்பு.

இதற்கு மருந்து, ஒவ்வொரு வாரமும் வீடியோ தொடங்கும் முன் ஒரு பக்கச் சொற்பட்டியல். இருபத்தைந்து, முப்பது சொல் போதும். ஆங்கிலச் சொல், அதன் ஒலிப்பு தமிழில், மேல்நிலைப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல், ஒரு சிறு வாக்கியம். பாடநூல் சொல்லையே பயன்படுத்துங்கள், புதிதாக ஆக்க வேண்டாம். மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பது அதுதான். பழைய மாணவர்களைக் கொண்டே இதைத் தயாரிக்கலாம், ஆசிரியர் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

வேகத்தை 0.75-இல் வைத்து ஆங்கில வசன வரியோடு பார்ப்பது முதல் மூன்று வாரத்துக்கு நல்ல பலன் தரும். நான்காம் வாரத்தில் பலர் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வார்கள், காது பழகிவிடும்.

கணினி அறிவியலுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல். லினக்ஸ், சி, பைத்தான் போன்றவற்றுக்குச் சுமார் பத்து நிமிட வீடியோக்கள், தமிழ் ஒலியிலும் உண்டு. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் தாமே செய்து பார்ப்பது என்று வடிவமைத்திருக்கிறார்கள். என்பிடெல் தொடங்கும் முன் ஜூன் மாதத்தில் இதை முடித்தால், முதல் வாரத்தில் நிரல் எழுதும் பயம் இருக்காது. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதுவது முடியாத காரியம் இல்லை, நடுவில் பாலம் வேண்டும், அவ்வளவுதான்.

இணைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 480 தரத்தில் ஒரு வீடியோவுக்குச் சுமார் 1 முதல் 1.5 எம்.பி.பி.எஸ். வரை வேண்டும். 60 கணினியில் ஒரே நேரம் ஓட்டினால் 60 முதல் 90 வரை போய்விடும், அலுவலகமும் நூலகமும் முடங்கும். என்பிடெல் வீடியோக்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. இரவில் இறக்கி லேப் சர்வரில் வைத்துவிடுங்கள். முப்பது மணி நேரப் பாடம் ஒரு 32 ஜி.பி. பென்டிரைவில் அடங்கிவிடும். வீட்டில் தரவு இல்லாத பிள்ளைகள் அதை போனில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஊரடங்குக் காலத்துக்குப் பின் 2021-இல் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜி.பி. தரவு அட்டை கொடுத்தது நினைவிருக்கும். அது சில மாதங்களுக்குத்தான். இன்றும் தரவு தீர்ந்துபோய் வீடியோ பார்க்காமல் விடுபவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார், கேட்டால் சொல்லமாட்டார்.

#11 மூடுல்காரன்

மூடுல் பகுதி என்னுடையது. 120 மாணவர்களுக்கு 4 கோர், 8 ஜி.பி. நினைவகம் உள்ள சர்வர் தாராளம். ஆனால் நிறுவியபடியே விட்டால் 30 பேருக்கே திணறும். காரணங்கள் நாலைந்து, எல்லாம் இயல்பு அமைப்புகள்.

உபுண்டுவில் பி.எச்.பி. எஃப்.பி.எம். (மூடுல் பக்கங்களைத் தயாரிக்கும் நிரல்) நிறுவியதும், ஒரே நேரத்தில் ஓடும் ‘வேலையாட்கள்’, அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் செயல்முறைகள், 5 மட்டும்தான். 60 பேர் ஒரே நொடியில் ‘தேர்வைத் தொடங்கு’ அழுத்தினால் 5 பேருக்குப் பக்கம் வரும், மற்றவர்கள் வரிசையில். ஒரு வேலையாளுக்குச் சுமார் 80 எம்.பி. என்று வைத்தால், தரவுத்தளத்துக்கு 2 ஜி.பி. ஒதுக்கியபின் 50 வரை தாராளமாகக் கூட்டலாம். செஷன்களை (உள்நுழைந்தவர் விவரங்கள்) ரெடிஸில் (நினைவகத்திலேயே தரவு வைக்கும் மென்பொருள்) வையுங்கள், வட்டுக்குச் சுமை குறையும்.

கையெழுத்து விடையைப் படம் எடுத்து ஏற்றச் சொல்லும்போது அடுத்த தடை. எஞ்சின்எக்ஸ் (மூடுலுக்கு முன்னால் நிற்கும் இணைய சர்வர் மென்பொருள்) இயல்பாக 1 எம்.பி.க்கு மேல் ஏற்காது. பி.எச்.பி. ஒரு கோப்புக்கு 2 எம்.பி., மொத்தப் படிவத்துக்கு 8 எம்.பி. மூடுலுக்குள் 50 எம்.பி. என்று போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை என்று தேடுவார்கள். மூடுலுக்குப் பி.எச்.பி. வரம்பு தெரியும், எஞ்சின்எக்ஸ் வரம்பு தெரியாது. 413 என்ற பிழை வந்தால் எஞ்சின்எக்ஸில்தான் தேடவேண்டும். மூன்றையும் சேர்த்தே உயர்த்துங்கள். பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் ஒரு படிவத்தில் எத்தனை உள்ளீடு என்ற வரம்பும் 1000 என்று இருக்கும், அதை 5000 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பெரிய மதிப்பெண் பட்டியலைச் சேமிக்கும்போது கடைசி வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பின்னணி வேலை) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், நேரம் முடிந்தும் மாணவர் ‘சமர்ப்பி’ அழுத்தாமல் வெளியேறிய விடைத்தாள்கள் முடியாமலே தொங்கும். சர்வரின் நேர மண்டலத்தையும் பாருங்கள். உலக நேரத்தில் இருந்தால் 10 மணித் தேர்வு பிற்பகல் 3.30-க்குத் திறக்கும்.

தேர்வு அமைப்பில் ஒன்று. நேர வரம்பு 60 நிமிடம், மூடும் நேரம் 11 மணி என்று வைத்தால், 10.20-க்கு உள்ளே வந்தவருக்கு 40 நிமிடம்தான் கிடைக்கும். தாமதமாகத் தொடங்குபவருக்கும் முழு நேரம் தரவேண்டுமானால் மூடும் நேரத்தை அரை மணி தள்ளி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வினா என்பது சர்வருக்குப் பெரும் சுமை. ஐந்து வினா ஒரு பக்கத்தில் போதும். மூடுல் நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைத் தானே சேமித்துக்கொள்ளும். எனவே மின்தடை வந்தால் அதிகம் போனால் கடைசி ஒரு நிமிடம்தான் இழப்பு. ஆனால் இழந்த நேரத்தை நீங்கள்தான் தனிச் சலுகையாக அந்த மாணவருக்குக் கூட்டவேண்டும்.

மாணவர்களை ஏற்றும்போது எக்செல் ஒரு வேலை செய்யும். 12 இலக்கப் பதிவெண்ணை அது 6.21E+11 என்று சுருக்கிக் காட்டும், சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் அப்படியே சேமிக்கும். மொத்த வகுப்புக்கும் ஒரே பயனர்பெயர் வந்து நிற்கும். எண்களை ஒட்டும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

காப்புப் பிரதி என்றால் தரவுத்தளம், மூடுல்டேட்டா கோப்புறை, நிரல் கோப்புறை மூன்றும் சேர்ந்தது. தரவுத்தளத்தை மட்டும் எடுத்து வைப்பவர்களுக்கு மதிப்பெண் திரும்பும், மாணவர் ஏற்றிய விடைத்தாள் ஒன்றும் திரும்பாது. செமஸ்டருக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள்.

#12 நூலகத்தான்

மூடுல்காரன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ்த் துறையும் வினா வங்கி ஏற்றப்போகிறது என்றால் எழுத்துருப் பிரச்சினை கட்டாயம் வரும். பழைய வினாக்கள் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். வேர்டில் தமிழாகத் தெரிவது மூடுலில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். எழுத்துருவை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது, உள்ளே இருக்கும் குறியீடே வேறு. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றி கொண்டு யூனிகோடாக்குங்கள். மாற்றியபின் ஒற்றுப் பிழை, கொம்பு, கால் மூன்றையும் கண்ணால் பாருங்கள். கொ, கோ, கௌ எழுத்துகளில்தான் அதிகம் சிதையும். எக்செல் வழியாக ஏற்றினால் யு.டி.எஃப்.-8 வடிவத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறிகளாக வரும்.

#13 பொன்னி

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. தேர்வு முடிந்து சான்றிதழும் வந்துவிட்டது என்று வைப்போம். கிரெடிட் வங்கியில் (ஏ.பி.சி., மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் தேசிய இணையக் கணக்கு) ஏற்றுவதில் என்ன பார்க்கவேண்டும்? மாணவர்கள் எல்லாரும் ஏ.பி.சி. எண் வைத்திருக்கிறார்கள்.

#14 தேர்வறை

எண் இருப்பது போதாது மேடம். பெயர் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் இதுதான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகேயன்’, ஆதாரில் ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’, என்பிடெல் கணக்கில் ‘கார்த்திகேயன் எஸ்’, கல்லூரிப் பதிவேட்டில் புள்ளி இல்லாமல் ‘எஸ் கார்த்திகேயன்’. கிரெடிட் வங்கிக் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதார்ப் பெயரில் திறக்கப்படுவது. நீங்கள் ஏற்றும் கோப்பில் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றில் ஒன்று மாறினாலும் வரிசை நிராகரிக்கப்படும்.

இதைத் தேர்வு முடிந்தபின் சரிசெய்வதை விட ஜூலையில் சரிசெய்வது எளிது. சேரும் நாளில் ஒரு தாள் கொடுத்து ஆதார்ப் பெயர், பத்தாம் வகுப்புப் பெயர், என்பிடெல் பெயர், ஏ.பி.சி. எண் நான்கையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மாறுபடுபவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஆதார்த் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும், அதனால் அவர்களை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். என்பிடெல் சான்றிதழில் அச்சாகும் பெயர் தேர்வுப் படிவத்தில் கொடுப்பதுதான். பிறகு மாற்றக் கேட்பது அலைச்சல்.

சான்றிதழ் நகலை மாணவர் கொண்டுவந்து கொடுப்பதை மட்டும் வைத்து மதிப்பெண் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு சான்றிதழிலும் சரிபார்ப்புக் குறியீடு உண்டு, அதை ஸ்கேன் செய்து திரையில் வரும் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, ஸ்பாக் கையெழுத்தோடு தேர்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

#15 கரிசல்மண்

ஒரு வேண்டுகோள். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று சான்றிதழ் எண்ணிக்கைக்காக முதலாமாண்டுப் பிள்ளைகளையும் சேர்த்துவிடாதீர்கள். அடித்தளம் இல்லாமல் 12 வாரப் பாடத்தில் உட்காரவைத்தால் நான்காம் வாரத்தில் கைவிடுவார்கள், ஆயிரம் ரூபாயும் போகும், இணையப் பாடம் என்றாலே தனக்கு வராது என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். சேர வேண்டிய பாடத்துக்கு என்ன முன்னறிவு தேவை என்று பாடத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கும். இயற்பியலுக்கு வகையீட்டுச் சமன்பாடு தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தால், உங்கள் பிள்ளைகள் அதை எந்த செமஸ்டரில் படித்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் சேருங்கள்.

#16 கணக்கு டீச்சர்

தேர்வு நாள் பற்றி ஒன்று விட்டுப்போனது. ஹால் டிக்கெட் அச்சுப் பிரதியும் அசல் அடையாள அட்டையும் இரண்டும் வேண்டும், போனில் காட்டுவதை நம்பிப் போகவேண்டாம். தேர்வு நகரத்தைப் பதிவின்போது விருப்பவரிசையில் கொடுப்பதால், கிராமத்து மாணவிகள் எல்லாரும் ஒரே நகரத்தை முதலாவதாகப் போட்டால் சேர்ந்து போய்வரலாம், கல்லூரிப் பேருந்தும் ஏற்பாடு செய்யலாம். காலை 9 மணித் தேர்வுக்கு ஊரிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று பதிவு செய்யும் அன்றே கேட்டுவிடுங்கள். அது ஏழரைக்குத்தான் என்றால் பிற்பகல் வேளை உள்ள பாடத்தையே அவர்களுக்குப் பட்டியலில் வையுங்கள்.